பள்ளிக்கூடத்தில் பேப்பரும் பிரிண்டும் குறைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் வேலை செய்யும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனியார் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிண்டும் ஜெராக்ஸும் தாராளமாகப் பாதிக்குப் பாதி குறையலாம். பிள்ளைகள் கையால் எழுதும் தாள் ஒன்றுகூடக் குறையக் கூடாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதிலிருந்து வருகின்றன.

எங்கிருந்து தொடங்குவது?

பிரிண்டர் பக்கத்தில் ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். யார் எடுத்தாலும் தேதி, எதற்காக, எத்தனை தாள் என்று ஒரு வரி எழுத வேண்டும். வெளியே ஜெராக்ஸ் கடையில் எடுத்தாலும் அதே நோட்டில் எழுத வேண்டும். ஒரு மாதம் போதும். இதில் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். கேள்வி கேட்டால் எழுத மாட்டார்கள்.

மாதக் கடைசியில் அந்த நோட்டை ஆசிரியர் கூட்டத்தில் படித்தால் போதும், எங்கே தாள் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெரும்பாலும் நான்கு வழிகள்தான்: வகுப்புத் தேர்வு வினாத்தாள், பயிற்சித்தாள், மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையின் பிரதிகள், சான்றிதழ்களின் ஜெராக்ஸ். பள்ளிக்குப் பள்ளி வரிசை மாறும். இது தெரியாமல் “தாளைச் சேமிப்போம்” என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் எதுவும் நடக்காது. அந்த வாசகத்தையும் பெரும்பாலும் கலர் பிரிண்டாகத்தான் எடுத்து ஒட்டுகிறோம்.

ஒரு தாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 16 ஏ4 தாள்களைச் சேர்த்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ.

40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில், 5 பாடங்களுக்கு, வாரம் ஒரு தேர்வுக்கு ஆளுக்கு ஒரு தாள் வினாத்தாள் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 200 தாள். ஆண்டில் 30 வாரம் நடந்தால் 6,000 தாள், அதாவது 12 ரீம், 30 கிலோ. இது ஒரே ஒரு வகுப்புப் பிரிவுக்கு. பத்துப் பிரிவு உள்ள பள்ளியில் 300 கிலோ. டோனர், மின்சாரம், பிரிண்டர் பழுதுச் செலவு எல்லாம் இதில் சேரவே இல்லை. பள்ளிக்கு வரும் பராமரிப்புப் பணம் எவ்வளவு என்று தலைமையாசிரியர்களுக்குத் தெரியும். அதில் எத்தனை ரூபாய் இப்படித் தாளாகிறது என்று ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் பிள்ளைகளின் நோட்டுகளையும் குறைக்கலாமே?

வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எழுதுவது கற்றலின் பகுதி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘ழ’ போடப் பழக எத்தனை பக்கம் ஆனாலும் ஆகட்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒரு கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க ரஃப் நோட்டில் இடம் வேண்டும். “அடித்து எழுதாதே, பக்கத்தைக் கிழிக்காதே, நெருக்கி எழுது” என்று சொல்லிச் சொல்லியே எழுதப் பயப்படும் பிள்ளைகளை உருவாக்கிவிட முடியும். காகிதச் சிக்கனம் அந்த இடத்தில் காட்ட வேண்டியதில்லை.

குறைக்கக்கூடியது நோட்டுகளின் பட்டியலைத்தான். ஜூன் மாதம் பெற்றோரிடம் கொடுக்கும் பட்டியலைப் பாருங்கள். வாரம் ஒரு பாடவேளை வரும் பாடத்துக்கும் 192 பக்க லாங் சைஸ் நோட்டு கேட்கிறோம். ஆண்டு முடியும்போது அதில் கால்வாசிகூட நிரம்பியிருக்காது. போன ஆண்டு நோட்டுகள் ஐந்தாறை வாங்கிப் புரட்டி, எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் ஓடியது என்று பார்த்து, பட்டியலை மாற்றுங்கள். 40 பக்க நோட்டு போதும் என்றால் அதையே கேளுங்கள். பெற்றோர் காசு மிச்சமாகும், பையின் கனமும் குறையும். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது.

வாராந்திரத் தேர்வுக்கு வினாத்தாள் அச்சிடாமல் முடியுமா?

முடியும். கரும்பலகை இருக்கிறது. ஐந்து குறுவினா, இரண்டு நெடுவினா என்றால் பலகையில் எழுத ஐந்து நிமிடம். கேட்டு எழுதும் பழக்கமும் பிள்ளைகளுக்குத் தேவைதான்; ஒரு மதிப்பெண் வினாக்களை வாய்விட்டுச் சொல்லி விடையை மட்டும் எழுதச் செய்யலாம். ஸ்மார்ட் போர்டோ புரொஜெக்டரோ உள்ள வகுப்பில் திரையில் போட்டுவிடலாம்.

வரைபடம், நிலப்படம், நீண்ட பத்தி உள்ள தேர்வுகளுக்கு அச்சு வேண்டும். அதற்கு ஏ4 தாளை இரண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். நம் வினாத்தாள்களில் இடத்தை விழுங்குவது ‘பலவுள் தெரிக’ பகுதி. அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றையும் தனி வரியில் போடுகிறோம். விடைகள் சிறியவை என்றால் நான்கும் ஒரே வரியில் அடங்கும். பத்து வினாவுக்கு முப்பது வரி மிச்சம்.

இன்னொன்று: பொதுத்தேர்வில் கணிதம், அறிவியல் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வருவதைப் பார்த்து, பள்ளித் தேர்வுக்கும் சிலர் அப்படியே இருமொழியில் அடிக்கிறார்கள். தமிழ்வழி மட்டும் உள்ள வகுப்புக்கு அது எதற்கு? ஒரு மொழியை எடுத்துவிட்டால் தாள் பாதி.

விடை எழுதத் தனித் தாள் வாங்காமல் தேர்வுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. போன வாரம் எங்கே பிழை விட்டோம் என்று பிள்ளையும் பார்க்கும், பெற்றோர் கையெழுத்தும் அதிலேயே இருக்கும். தனித் தாளாகக் கொடுத்தால் மதிப்பெண் பார்த்த அன்றே தொலைந்துவிடுகிறது.

சின்ன வகுப்புகளில் பயிற்சித்தாள் இல்லாமல் எப்படி நடத்துவது?

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையை ஒட்டி வந்தது அது. பாடம் முழுவதும் அட்டைகளாக இருக்கும். பிள்ளை தன் அட்டையை எடுத்து, முடித்து, திரும்ப வைக்கும். அடுத்த பிள்ளை அதையே எடுக்கும். வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை அடித்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். தரையில் உட்கார்ந்து எழுதலாம், அழிக்கலாம்.

அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களிடையே விவாதம் நிறைய உண்டு, அதற்குள் இங்கே போகவில்லை. ஆனால் அந்தக் கீழ்ப்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. சில இடங்களில் வெள்ளையடித்து மறைத்தும் விட்டார்கள். கரும்பலகை பெயின்ட் ஒரு டப்பா வாங்கி மறுபடி அடித்தால், கூட்டல் கழித்தலுக்கு ஒரு தாளும் வேண்டியதில்லை.

சிலேட்டையும் விட்டுவிடாதீர்கள். “விடையை எழுதித் தூக்கிக் காட்டுங்கள்” என்று சொன்னால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். முப்பது தாளைத் திருத்தி மறுநாள் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பயிற்சி நூல் கையிலேயே கொடுக்கப்படுகிறது. அது இருக்கும்போது இணையத்தில் கிடைத்த பயிற்சித்தாளைத் தனியாக ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன், அதே பயிற்சி நூலில் இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பிரிண்டர் செட்டிங்கில் என்ன மாற்றலாம்?

முதலில் இரு பக்க அச்சை இயல்புநிலையாக வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேண்டும் என்பவர் மாற்றிக்கொள்ளட்டும். இது ஒன்றே பெரிய வித்தியாசம் தரும். தானாகத் திருப்பாத பழைய பிரிண்டராக இருந்தால் ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்து, கட்டைத் திருப்பிப் போட்டு, இரட்டைப்படைப் பக்கங்களை அடிக்கலாம். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு அம்புக்குறி வரைந்து பிரிண்டரிலேயே ஒட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் திருப்பிப் போடுவதிலேயே பத்துத் தாள் வீணாகும்.

தமிழுக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. யூனிகோடு எழுத்துருக்கள் சில, தாமாகவே வரி இடைவெளியை அகலமாக எடுத்துக்கொள்ளும். பத்தி அமைப்பில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி, எழுத்து 11 புள்ளி என்றால் இடைவெளி 15 அல்லது 16 புள்ளி என்று கொடுத்துப் பாருங்கள். கொம்பும் சுழியும் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று ஒரு பக்கம் மட்டும் அடித்துச் சரிபாருங்கள். மூன்று பக்க வினாத்தாள் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும்.

இரண்டாவது, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பை அப்படியே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவது. அந்தக் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை என்றால் கிறுக்கலாக வரும். கடைக்காரருக்குத் தமிழ் படிக்க நேரம் இருக்காது, நூறு பிரதி அடித்தே கொடுத்துவிடுவார். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் இந்த வேதனை இல்லை.

அப்புறம் லீகல் சைஸ். பழைய அலுவலகப் பழக்கத்தில் எல்லாவற்றையும் லீகல் தாளில் அடிக்கிறோம். அது ஏ4ஐவிடச் சுமார் 23 விழுக்காடு பெரியது. அந்த அளவுதான் வேண்டும் என்று கேட்கும் படிவத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

சுற்றறிக்கையையும் பயிற்சித்தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் மிச்சம்தானே?

சுற்றறிக்கைக்கு ஓரளவு சரி. பயிற்சித்தாளுக்குச் சரியே இல்லை.

இரவு எட்டு மணிக்கு “இதைப் பிரிண்ட் எடுத்து நாளை கொண்டு வரவும்” என்று பிடிஎஃப் வருகிறது. கூலி வேலை முடிந்து வந்த அப்பா கடையைத் தேடி ஓடுகிறார். பள்ளியில் மொத்தமாக அடித்தால் ஆகும் செலவைப் போல் பல மடங்கை அவர் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கிறார். ஒரு பக்க அச்சுதான், சில நேரம் கலரும்கூட. பள்ளிக் கணக்கில் தாள் குறைந்திருக்கிறது. ஊர்க் கணக்கில் கூடியிருக்கிறது. கடை தூரமாக உள்ள கிராமத்தில் அந்தப் பிள்ளை மறுநாள் வெறுங்கையோடு வந்து எழுந்து நிற்கும். இதை நாம் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

நான் சொல்லும் விதி எளிது: வாட்ஸ்அப்பில் அனுப்புவது எதுவாக இருந்தாலும் திரையில் படித்தே முடிந்துவிட வேண்டும். அல்லது நோட்டில் பார்த்து எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். அச்சு எடுத்தே ஆக வேண்டியதைப் பள்ளியே எடுத்துக் கொடுக்கட்டும்.

சுற்றறிக்கையிலும் ஒரு கவனம் வேண்டும். பகலில் வீட்டில் போன் இருக்காது, பல வீட்டில் ஒரே போன், அதிலும் சில மாதம் ரீசார்ஜ் இருக்காது. குழுவில் இல்லாத பெற்றோர் எத்தனை பேர் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்த ஏழெட்டு வீட்டுக்கு மட்டும் துண்டுச்சீட்டு கொடுத்தால் போதும். ஒரு ஏ4 தாளில் எட்டுச் சீட்டு வெட்டலாம். மற்றவர்களுக்கு டைரியில் பிள்ளையே எழுதிக்கொண்டு போகட்டும். வாயிலருகே ஒரு பலகையிலும் எழுதிவிடலாம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெரியவர்கள் நின்று படிப்பார்கள்.

ப்ராஜெக்ட், சார்ட், ஆல்பம்?

வீணாகும் அச்சில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது அதன் நோக்கம் நல்லது. பிள்ளை தானாக ஒன்றைச் செய்து பார்க்கட்டும், அதற்கு மதிப்பெண் கொடுப்போம் என்பதுதான் வளரறி மதிப்பீடு. நடைமுறையில் என்ன ஆனது? பிள்ளை கடைக்குப் போய் “அண்ணா, காமராசர் ப்ராஜெக்ட் ஒன்று” என்று கேட்கிறது. கடைக்காரர் கணினியில் தயாராக வைத்திருக்கும் பத்துப் பக்கத்தைக் கலரில் அடித்து, ஸ்பைரல் போட்டு, பெயர் எழுத இடம் விட்டுக் கொடுக்கிறார். வகுப்பில் முப்பது பிள்ளைகளிடமும் அதே பத்துப் பக்கம். ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார். மூன்று மாதம் கழித்து அலமாரியைக் காலி செய்யும்போது மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அந்தப் பிள்ளை அதில் ஒரு பக்கத்தையும் படித்திருக்காது.

ப்ராஜெக்ட் தலைப்பைக் கடையில் கிடைக்காததாக மாற்றினால் போதும். காமராசர் பற்றித்தான் வேண்டும் என்றால், “மதிய உணவு வருவதற்கு முன்னும் பின்னும் நம் ஊர்ப் பள்ளி எப்படி இருந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வா” என்று சொல்லுங்கள். தண்ணீர் பாடம் என்றால் தெருக்குழாயில் எந்த நேரம் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து அட்டவணை போடட்டும். தாவரவியல் என்றால் பள்ளி வளாகத்து மரங்கள் இருக்கின்றன. இவற்றுக்குக் கடையில் பிரிண்ட் கிடைக்காது. கையால் எழுதிய இரண்டு தாள் போதும். சார்ட் வேண்டும் என்றால் ஆளுக்கு ஒன்று வேண்டாம், ஐந்து பேருக்கு ஒன்று. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் நல்ல வெள்ளைத் தாள். எந்தச் சார்ட்டுக்கும் அது குறைந்ததில்லை.

எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளத்தில்) ஏற்றிய பிறகும் ‘ஹார்டு காப்பி’ கேட்கிறார்களே?

ஆசிரியர்கள் நியாயமாகவே கொதிக்கும் இடம் இது. வருகையைச் செயலியிலும் போடுகிறோம், பதிவேட்டிலும் போடுகிறோம். விவரத்தை இணையத்தில் நிரப்பி, அதையே அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, மூன்று பிரதியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கணினி வந்த பிறகு தாள் கூடியிருப்பதாக உணரும் தலைமையாசிரியர்கள் நிறையப் பேர்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, மின்னணு ஆவணத்தை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக ஏற்கிறது. ஆகவே தாள் பிரதி பெரும்பாலும் பழக்கத்தால் கேட்கப்படுவது. ஆனால் பதிவேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தணிக்கையில் மாட்டிக்கொள்வது பள்ளிதான். துறையிலிருந்து எழுத்து வடிவில் உத்தரவு வந்த பதிவேடுகளை மட்டும் நிறுத்துங்கள்.

உங்கள் கையில் இருப்பது, கேட்பவரிடம் திருப்பிக் கேட்பது. “மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம், தாளும் தேவையா, எத்தனை பிரதி?” என்று பணிவாகக் கேட்டாலே, “ஒன்று போதும் சார்” என்ற பதில் பல நேரம் வரும். யாரும் கேட்காமலேயே, முன்னெச்சரிக்கையாக நாமே மூன்று எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. இதைத் தனியாகக் கேட்பதைவிடத் தலைமையாசிரியர் கூட்டத்தில் எல்லோருமாகக் கேட்டால் பலன் அதிகம். எந்த அறிக்கைக்குத் தாள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று வட்டார அளவில் ஒரு பட்டியல் வாங்கிவிட்டால் அந்த ஆண்டு முழுக்க நிம்மதி.

சேர்க்கையின்போது வாங்கும் ஜெராக்ஸ்களை என்ன செய்வது?

ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை. சேர்க்கைக்கு ஒரு செட், உதவித்தொகைக்கு ஒரு செட், அடுத்த ஆண்டு மறுபடியும் ஒரு செட். ஒரே பிள்ளையின் ஆதார் நகல் ஒரே பள்ளியின் நான்கு கோப்புகளில் இருக்கும்.

முதல் முறை வாங்கும்போதே மாணவருக்கு ஒரு கோப்பு போட்டு, ஸ்கேன் செய்து வைத்துவிட்டால் அடுத்த முறை பெற்றோரைக் கேட்க வேண்டியதில்லை. வருமானச் சான்று போலப் புதுப்பிக்க வேண்டியதை மட்டும் கேட்கலாம். மூலச் சான்றைப் பார்த்து ‘சரிபார்த்தேன்’ என்று பதிவு செய்தால் போதும் என்ற இடத்தில் நகலே வேண்டாம். சான்றிதழ்களை மின்வடிவில் வைத்துக்கொள்ள 2015இல் வந்த அரசுச் சேவையான டிஜிலாக்கரில் உள்ள சான்றிதழைப் போனிலேயே காட்டச் சொல்லலாம்.

ஆதார் நகல் சும்மா கிடப்பது தாள் வீணாவதோடு முடியும் விஷயமும் இல்லை. அது ஒரு குடும்பத்தின் அடையாளம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வடிவத்தை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில் அதைக் கேளுங்கள்.

எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்துவிட்டால் காகிதப் பிரச்சினையே தீர்ந்துவிடுமே?

தீராது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பங்கெடுத்தவர்கள் 1.7 லட்சம் பேருக்கு மேல். தகவல் நிறைந்த பாடங்களைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியது. கதைகளில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. வகுப்பறைக்குக் கணினியைக் கொண்டுவருவதில் முன்னால் நின்ற ஸ்வீடனே 2023இல் அச்சிட்ட பாடநூல்களுக்கு மறுபடி அரசுப் பணத்தை ஒதுக்கியது.

ஆகவே பாடநூல் தாளிலேயே இருக்கட்டும். திரையைத் தாளைவிட நன்றாக உதவும் வேலைக்கு வைத்துக்கொள்வோம். ஹைடெக் லேப் என்னும் கணினி ஆய்வகம் உள்ள பள்ளியில் ஒரு மதிப்பெண் தேர்வை அங்கே நடத்தினால் வினாத்தாளும் வேண்டாம், திருத்தும் வேலையும் இல்லை. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. படம், காணொளியை அதில் காட்டினால் கலர் பிரிண்ட் தேவையில்லை. கதை நேரத்துக்குப் புரொஜெக்டரில் படக்கதை ஓட்டலாம்.

நம்மூரில் காகிதம் கரும்புச் சக்கையிலிருந்துதானே வருகிறது? மரம் வெட்டுவதில்லையே?

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலையைச் சொல்கிறீர்கள். 1979இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம், 1984இல் உற்பத்தி ஆரம்பித்தது. கரும்புச் சக்கை அதன் முக்கிய மூலப்பொருள் என்பது உண்மை, பெருமைப்பட வேண்டிய விஷயமும்கூட. அதோடு விவசாயிகள் பயிரிடும் சவுக்கும் தைல மரமும் அங்கே கூழாகின்றன. பழைய காகிதத்தில் மை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் இருக்கிறது.

எனவே “ஒரு தாள் ஒரு காட்டு மரத்தின் உயிர்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இங்கே முழு உண்மை ஆகாது. சவுக்கு என்பது நட்டுச் சில ஆண்டில் வெட்டும் பயிர். ஆனால் சக்கையும் இலவசமாக வருவதில்லை. சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் எரிபொருளாகப் பயன்படுத்தும். அதைத் தாளுக்கு எடுத்தால் அந்த இடத்தில் நிலக்கரி போன்ற வேறு எரிபொருள் எரிய வேண்டும். கூழ் சமைக்க ரசாயனமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். அந்தத் தண்ணீர் காவிரிப் படுகையிலிருந்து போகிறது. பிள்ளைகளிடம் காவிரியைச் சொல்லிப் பாருங்கள், நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

ரெக்கார்டு நோட்டு, பிரவுன் ஷீட்?

செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு வாரியத்தின் தேவை, அதில் கை வைக்க முடியாது. ஆனால் ரெக்கார்டில் எழுதுவதற்கு முன் அப்படியே ரஃப் ரெக்கார்டு என்று இன்னொரு முழு நோட்டு கேட்பதை விடலாம். ஆய்வகத்தில் எடுத்த அளவீட்டை எழுத ரஃப் நோட்டே போதும்.

அட்டை போடும் விஷயத்தில் கொஞ்சம் மனது மாற வேண்டும். ஒரே நிறத்தில் அடுக்கிய நோட்டுகள் பார்க்க அழகுதான். அதற்காக ஒவ்வொரு ஜூனிலும் வீட்டுக்கு வீடு பிரவுன் ஷீட் சுருள் வாங்க வேண்டுமா? பளபளப்புக்கு மேலே பிளாஸ்டிக் பூசிய சுருளாக இருந்தால் அதை மறுசுழற்சிக்கும் போட முடியாது. நாளிதழிலும் காலண்டர் தாளிலும் அட்டை போட்டு வருவதை ஏற்றுக்கொள்வோம் என்று தலைமையாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காசில்லாத வீட்டுப் பிள்ளை தனியாகத் தெரியாமல் இருக்கும் என்பது எனக்கு இதில் பெரிய காரணம்.

எழுதாத பக்கங்களை என்ன செய்வது?

ஏப்ரலில் எல்லா நோட்டிலிருந்தும் வெற்றுப் பக்கங்களைப் பிரித்து, ஒரே அளவாக அடுக்கி, பெரிய ஊசியும் நூலும் வைத்துத் தைத்து அடுத்த ஆண்டுக்கு ரஃப் நோட்டு செய்வது நம் வீடுகளில் இருந்த பழக்கம். கைத்தொழில் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அருமையாகத் தைப்பார்கள்.

அலுவலக அறையில் ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளுக்கு ஒரு தட்டு வையுங்கள். அதைப் பிரிண்டரில் திரும்பப் போட வேண்டாம். மடிப்பும் பின் குத்திய ஓட்டையும் உள்ள தாள் சிக்கிக்கொள்ளும், பிரிண்டர் பழுதாகும். வெட்டிக் குறிப்புச் சீட்டாகவும் ரஃப் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். மாணவர் பெயர், மதிப்பெண், ஆதார் எண் உள்ள தாள் அந்தத் தட்டுக்கு வரக் கூடாது.

பழைய விடைத்தாள்களை எடைக்குப் போடலாமா?

வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தபின் போடலாம். ஆனால் தெருவோரக் கடைக்குப் போய்ச் சேராத வழியைப் பாருங்கள். பெயரும் மதிப்பெண்ணும் உள்ள விடைத்தாளில் வடை மடித்துக் கொடுக்கப்படுவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு அவமானம். உணவை அச்சுத் தாளில் மடிப்பதும் உடம்புக்குக் கெடுதல். செய்தித்தாளில் மடிக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியது. பெயர் உள்ள முதல் பக்கத்தைக் கிழித்துத் தனியாக அழித்துவிட்டு, மீதியைக் காகித ஆலைக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடம் கொடுங்கள். காகித நார் ஐந்து முதல் ஏழு முறை வரை மறுபடி தாளாகும். லேமினேட் செய்ததை மட்டும் பிரித்துவிடுங்கள், அது கூழாகாது.

யாருக்குக் குறைக்கவே கூடாது?

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் அடித்த வினாத்தாள் வேண்டும். ஒரு பக்கம் மூன்று பக்கமாகும், ஆகட்டும். பிரெய்லுக்குத் தடித்த தாள்தான் வேண்டும். வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைக்கு நெருக்கி அடித்த தாள் இன்னும் சிரமம். மேலே சொன்ன 11 புள்ளிக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

எப்போது தொடங்கலாம்?

ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் ஜனவரி நல்ல நேரம். பிரிண்டர் பக்கத்து நோட்டை அப்போது தொடங்கினால், கோடைக்குள் மூன்று மாதக் கணக்கு கையில் இருக்கும். அதை வைத்து அடுத்த ஆண்டுக்கான நோட்டுப் பட்டியலையும் ரீம் எண்ணிக்கையையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முடிவு செய்யலாம். குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. எந்தச் செலவு தங்கள் தலையில் விழுகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.